வேலுக்குள் ஒரு பாட்டு: சித்திரகவியும் ஐரோப்பாவின் கலைக் கலகமும்

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் ஒரு வேல் படம் இருக்கிறது. வேலின் இலைப் பகுதியிலும் தண்டிலும் சின்னச் சின்ன வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு தமிழ் எழுத்து. சின்ன வயதில் இதை ஏதோ யந்திரம் என்று நினைத்திருந்தேன். சூலம், சக்கரம் எல்லாம் போட்டு நடுவில் "ஓம்" எழுதுவார்களே, அது மாதிரி.

பிற்பாடுதான் தெரிந்தது, அது யந்திரம் இல்லை, ஒரு பாட்டு! பாம்பன் குமரகுருதாச சுவாமிகள் எழுதிய சஸ்திர பந்தம். எந்த இடத்தில் ஆரம்பித்து எந்தப் பக்கம் திரும்பி எங்கே முடிக்க வேண்டும் என்று தெரிந்தால் அந்த எழுத்துகள் எல்லாம் சேர்ந்து ஒரு முழுப் பாடலாகிவிடும். தெரியாவிட்டால் வெறும் எழுத்துக் கூட்டம்.

வணிகவியல் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று நண்பர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கொஞ்ச நாள் முன்பு நூலகத்தில் ஐரோப்பிய ஓவியம் பற்றிய புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது, மழை மாதிரி எழுத்துகள் சாய்வாகக் கொட்டும் ஒரு பிரெஞ்சுக் கவிதையின் படம் கண்ணில் பட்டது. "கவிதையைக் கண்ணால் பார்க்கவும் வைத்த புரட்சி" என்கிற மாதிரி பக்கத்தில் பாராட்டு. எனக்கு உடனே வீட்டு வேல் ஞாபகம்தான் வந்தது. இரண்டும் ஒன்றா? ஒன்று என்றால் இதை ஏன் புரட்சி என்கிறார்கள், அதை ஏன் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறோம்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியில் பிறந்தது.

முதலில் ஐரோப்பா
---------------

"அவான்-கார்ட்" என்பது பிரெஞ்சு ராணுவச் சொல். பெரும்படைக்கு முன்னால் போகும் முன்னணிப் படை என்று அர்த்தம். கலையில் இதைச் சொன்னால், எல்லோரும் போகிற பாதையை விட்டு முதலில் போய் அடி வாங்குகிறவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

1897இல் பிரெஞ்சுக் கவிஞர் மல்லார்மே, பகடை உருட்டுவதைப் பற்றி ஒரு நீண்ட கவிதை வெளியிட்டார். அதில் வரிகள் ஒழுங்காக இடது ஓரத்தில் நிற்காது. சில சொற்கள் பெரிதாக, சில சிறிதாக, நடுவில் நிறைய வெற்றிடம். அந்த வெற்றிடமும் கவிதைதான் என்பது அவர் எண்ணம்.

1909 பிப்ரவரி 20ஆம் தேதி பாரிஸின் 'ஃபிகாரோ' பத்திரிகையில் இத்தாலியக் கவிஞர் மரினெட்டி எதிர்காலவாதத்தின் அறிக்கையை வெளியிட்டார். அருங்காட்சியகங்களையும் நூலகங்களையும் ஒழிப்போம், வேகமும் இயந்திரமும் வாழ்க என்றார். சொற்களை இலக்கணத்திலிருந்து விடுதலை செய்கிறேன் என்று சொல்லி, பீரங்கிச் சத்தத்தையே அச்செழுத்தில் பெரிதும் சிறிதுமாகக் கொட்டினார்.

1916இல், முதல் உலகப் போரின் நடுவே, சூரிச் நகரத்தில் 'காபரே வோல்டேர்' என்ற சின்ன விடுதியில் டாடா இயக்கம் பிறந்தது. (நம்ம ஊர் பைபாஸில் ஓடும் டாடா இல்லை!) ஹியூகோ பால் என்பவர் அர்த்தமே இல்லாத ஒலிகளை மேடையில் கவிதையாகப் படித்தார். அர்த்தமுள்ள சொற்களைப் பேசிப் பேசித்தானே லட்சக்கணக்கான பேரைப் போருக்கு அனுப்பினீர்கள், அந்தச் சொற்களே வேண்டாம் என்பது அவர்கள் கோபம்.

அந்த மழைக் கவிதையை எழுதியவர் அப்போலினேர். பிக்காசோவின் நண்பர். போருக்குப் போய் 1916இல் தலையில் காயம்பட்டுத் திரும்பினார். 1918இல் 'கலிகிராம்' என்ற தொகுப்பை வெளியிட்டார். அதே ஆண்டு நவம்பரில், போர் முடிவதற்கு இரண்டு நாள் முன்பு, இன்ஃபுளுயன்சா காய்ச்சலில் இறந்துபோனார். அந்தத் தொகுப்பில் சொற்களாலேயே ஒரு புறாவும் அதன் கீழே ஒரு நீரூற்றும் வரைந்திருக்கிறார். கவிதையில் பிரிந்துபோன பெண்களின் பெயர்களும், போருக்குப் போன நண்பர்களின் பெயர்களும். நீரூற்று மேலே பீறிட்டு இரு பக்கமும் வழிகிறது. அழுகை மாதிரி.

1950களில் இது இன்னும் ஒரு படி போனது. சுவிட்சர்லாந்தில் கோம்ரிங்கர், பிரேசிலின் சாவோ பாவ்லோவில் 'நொய்காண்ட்ரஸ்' குழுவினர் (1952இல் தொடங்கியது) "கான்கிரீட் கவிதை" என்று ஒன்றை உருவாக்கினார்கள். ஒரே ஒரு சொல்லை எடுத்துப் பக்கத்தில் கட்டடம் மாதிரி அடுக்குவது. வாக்கியமே கிடையாது. எழுத்து நிற்கிற இடமே இலக்கணம்.

இனி நம் பக்கம்
--------------

தமிழில் கவிகளை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்று நான்காகப் பிரித்துச் சொல்வது பழைய வழக்கம். ஆசுகவி என்றால் கொடுத்த உடனே பாடுவது. காளமேகம் பெயரைப் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருப்பீர்கள். இதில் மூன்றாவதாக வருவதுதான் நம் சித்திரகவி.

12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் தண்டியலங்காரம், சொல்லணி பற்றிய பகுதியில் 12 வகைச் சித்திரகவிகளைப் பட்டியல் போடுகிறது. அதில் சிலவற்றை மட்டும் எளிமையாகப் பார்ப்போம்.

மாலைமாற்று: முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒரே மாதிரி வருவது. 'விகடகவி', 'தேரு வருதே' எல்லாம் நமக்குத் தெரிந்தவை. எங்கள் வகுப்பில் 'மாலா போலாமா' ரொம்பப் பிரபலம். இதில் கவனிக்க வேண்டியது, தமிழில் திரும்புவது உயிர்மெய் எழுத்து. 'வி' அப்படியே 'வி'யாகத் திரும்புகிறது. உள்ளே இருக்கும் மெய்யும் உயிரும் இடம் மாறுவதில்லை. ஆகவே நம் எழுத்து முறையே இந்த விளையாட்டுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கிறது.

நாகபந்தம்: இரண்டு பாம்புகள் பின்னிக் கிடக்கும் படம். இரண்டு பாடல்கள். பாம்புகள் ஒன்றையொன்று வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பாடலுக்கும் பொதுவாக ஒரே எழுத்து நிற்க வேண்டும். குறுக்கெழுத்துப் போட்டி மாதிரிதான். ஆனால் கட்டங்களை நிரப்பினால் போதாது, எதுகை, மோனை, தளை எல்லாம் தப்பாமல் இருக்க வேண்டும்.

சருப்பதோபத்திரம்: எட்டெழுத்து கொண்ட நான்கு அடிகள். அவற்றை மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை எழுதினால் சதுரங்கப் பலகை மாதிரி 64 கட்டம் நிரம்பும். பிறகு எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் அதே பாட்டு வர வேண்டும். என்ன, தலை சுற்றுகிறதா?

கரந்துறைச் செய்யுள்: ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருக்கும்.

இவை போக எழுகூற்றிருக்கை என்று ஒன்று உண்டு. திருஞானசம்பந்தர் (7ஆம் நூற்றாண்டு) சீர்காழியைப் பற்றியும், திருமங்கையாழ்வார் கும்பகோணம் ஆராவமுதன் மீதும், பிற்காலத்தில் அருணகிரிநாதர் முருகன் மீதும் பாடியிருக்கிறார்கள். இதில் எண்கள் இப்படி ஏறி இறங்கும்:

1 2 1
1 2 3 2 1
1 2 3 4 3 2 1

இப்படியே ஏழு வரைக்கும் போகும். எண் நேராகவும் வரும், வேறொரு சொல்லுக்குள் ஒளிந்தும் வரும். கட்டம் போட்டு எழுதினால் அடி அடியாக அகன்று ஒரு தேர் மாதிரி நிற்கும். அதனால் இதை ரதபந்தம் என்றும் சொல்வார்கள். கும்பகோணம் சாரங்கபாணி கோயிலின் கருவறையே குதிரையும் யானையும் இழுக்கும் தேர் வடிவத்தில்தான் இருக்கிறது. கல்லில் ஒரு தேர், எழுத்தில் ஒரு தேர்!

எழுகூற்றிருக்கையை விளக்கும் பழைய உரை ஒன்று, ஏழு அறை கீறி, சின்னப் பிள்ளைகள் முன்னே புகுந்தும் வெளியே வந்தும் விளையாடுவதைப் போல என்று உவமை சொல்கிறது. படித்தபோது சிரித்துவிட்டேன். நாம் தெருவில் ஆடிய பாண்டி ஆட்டம்தான்!

இரண்டு கட்சிகள்
---------------

இதைப் பற்றி நண்பர்களிடம் பேசினால் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடுகிறது.

முதல் கட்சி: "பார்த்தாயா, வெள்ளைக்காரன் 1918இல் கண்டுபிடித்ததை நம்ம ஆட்கள் ஆயிரத்து முந்நூறு வருஷம் முன்னாடியே செய்துவிட்டார்கள்!"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கேயும் இது 1918இல் பிறக்கவில்லை. கிறிஸ்துவுக்கு முன் 300 வாக்கிலேயே கிரேக்கத்தில் சிமியாஸ் என்பவர் சிறகு, கோடரி, முட்டை வடிவங்களில் கவிதை எழுதியிருக்கிறார். 1633இல் வெளிவந்த தொகுப்பில் ஜார்ஜ் ஹெர்பர்ட் என்ற ஆங்கிலப் பாதிரியார் சிறகு வடிவத்தில் ஒரு பிரார்த்தனை எழுதினார். வடமொழியில் பாரவி, மாகன் காவியங்களில் சித்திரகவிக்கென்றே ஒரு சருக்கம் இருக்கிறது. நம் தண்டியலங்காரமே வடமொழி காவ்யாதர்சத்தைத் தழுவியதுதான். யார் முதல் என்று ஓட்டப்பந்தயம் வைத்தால் நமக்குக் கோப்பை நிச்சயம் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது கட்சி: "இதெல்லாம் வெறும் வித்தை. கட்டம் போட்டு எழுத்தை நிரப்பினால் கவிதையாகிவிடுமா?"

இதிலும் உண்மை இருக்கிறது. பல சித்திரகவிகளுக்கு உரை இல்லாமல் பொருளே புரியாது. எழுத்து பொருந்த வேண்டும் என்பதற்காகச் சொல்லை முறுக்கியிருப்பார்கள். சித்திரகவிக்கு 'மிறைக்கவி' என்றும் ஒரு பெயர் உண்டு. மிறை என்றால் வருத்தம், கஷ்டம். பாடுகிறவருக்கு மட்டுமா, படிக்கிறவருக்கும்தான்!

இரண்டு கட்சியிலும் சேர முடியாமல், சரி, நாமே ஒன்று எழுதிப் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். இருப்பதிலேயே சுலபமானது கோமூத்திரி. மாடு நடந்துகொண்டே சிறுநீர் கழித்தால் மண்ணில் வளைந்து வளைந்து ஒரு கோடு விழுமே, அந்தக் கோடு மாதிரி படிக்க வேண்டும் என்பதால் இந்தப் பெயர். (நம் முன்னோர்கள் உவமைக்கு எங்கே போயிருக்கிறார்கள் பாருங்கள்.) இரண்டு அடிகளை மேலும் கீழுமாக எழுதி, மேலே ஒன்று கீழே ஒன்று என்று மாற்றி மாற்றிப் படித்தாலும் அதே அடி வர வேண்டும். இரண்டு மணி நேரத்தில் எனக்கு வந்தது இவ்வளவுதான்:

க  லை  வி  லை  இ  லை
அ  லை  நி  லை  இ  லை

மேலே 'க', கீழே 'லை', மேலே 'வி', கீழே 'லை' என்று வளைந்து போனால் "கலை விலை இலை". கீழிருந்து தொடங்கினால் "அலை நிலை இலை". கலைக்கு விலை இல்லை, அலைக்கு நிலை இல்லை.

புலவர்கள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள். இரட்டைப்படை இடங்களில் எல்லாம் 'லை'யே போட்டு ஏமாற்றியிருக்கிறேன். உண்மையான கோமூத்திரியில் ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு எழுத்து வரும். ஆனாலும் இந்த இரண்டு மணி நேரத்தில் ஒன்று கற்றுக்கொண்டேன். நான் அலையைப் பற்றி எதுவுமே சொல்ல நினைக்கவில்லை. எங்கள் ஊரில் கண்மாய் உண்டு, கடல் கிடையாது. (கப்பலூர் என்ற பெயரை நம்பி யாரும் துறைமுகம் தேடி வந்துவிடாதீர்கள்!) எழுத்து பொருந்த வேண்டும் என்பதால் அலை வந்தது. வந்த பிறகு, "அட, இதுவும் சரிதானே" என்று தோன்றியது. விதி என்னை நான் போகாத இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

இங்கேதான் எனக்கு ஐரோப்பாவும் சீர்காழியும் கொஞ்சம் கிட்டே வந்தன. டாடாக்காரர்கள் செய்தித்தாளைக் கத்தரித்து, சொற்களைப் பையில் போட்டுக் குலுக்கி எடுத்துக் கவிதை செய்யலாம் என்றார்கள். கவிஞனின் 'நான்' என்பதை ஒதுக்கிவைத்து, மொழி தானாக என்ன செய்கிறது என்று பார்க்க அது ஒரு வழி. அதிர்ஷ்டத்தை நம்பி அவர்கள் செய்ததைக் கடுமையான விதியை நம்பிச் செய்தவர் சித்திரகவிப் புலவர்.

விதியை நம்பிய ஐரோப்பியர்களும் இருக்கிறார்கள். 1960இல் பாரிஸில் 'உலிப்போ' என்ற குழு ஆரம்பித்தது. கவிஞர்களும் கணித அறிஞர்களும் சேர்ந்த குழு. அதைச் சேர்ந்த பெரெக், பிரெஞ்சில் அதிகமாக வரும் 'இ' என்ற எழுத்தே இல்லாமல் 1969இல் ஒரு முழு நாவல் எழுதினார். அவருடைய பெற்றோர் இருவரும் இரண்டாம் உலகப் போரில் பலியானவர்கள். தாய் நாஜி முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பவில்லை. இல்லாமல் போன எழுத்து வெறும் விளையாட்டு இல்லை என்று விமர்சகர்கள் சொல்வது அதனால்தான்.

நம்மிடமும் எழுத்தை ஒதுக்கிப் பாடும் வகை உண்டு. உதடு ஒட்டாமல் பாடும் நிரோட்டகம். 341ஆம் குறளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உதடுகள் ஒட்டாது. எதிலிருந்தெல்லாம் விலகுகிறோமோ அதனால் துன்பமில்லை என்று சொல்லும் குறள். அதே அதிகாரத்தின் கடைசிக் குறளான 350ஐச் சொல்லிப் பாருங்கள், உதடுகள் மறுபடி மறுபடி ஒட்டும். அது பற்றிக்கொள் என்று சொல்கிற குறள். வள்ளுவர் நினைத்துத்தான் செய்தாரா என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் விதியும் பொருளும் சேர்ந்துகொண்டால் வித்தை என்று ஒதுக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

உலிப்போக்காரர்கள் ஒரு வேடிக்கையான சொல்லை வைத்திருந்தார்கள். தங்களுக்கு முன்பே இப்படி எழுதிய பழைய புலவர்களை "முன்கூட்டியே எங்களைக் காப்பியடித்தவர்கள்" என்பார்கள். அந்தக் கணக்குப்படி சம்பந்தர் பெரிய குற்றவாளி. 11 பாட்டு கொண்ட ஒரு பதிகம் முழுவதையும் மாலைமாற்றாகவே பாடியிருக்கிறாரே!

கருவி ஒன்று, வேலை வேறு
----------------------

கருவி ஒன்றாக இருக்கலாம். ஆனால் வேலை வேறு. இதை இரண்டு கட்சியுமே கவனிப்பதில்லை.

மரினெட்டி நூலகத்தைக் கொளுத்தச் சொன்னார். சித்திரகவிப் புலவர் நூலகத்தில் இருக்கும் அத்தனை விதியையும் ஏற்றுக்கொண்டு, போதாது என்று இன்னும் பத்து விதியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அவர்கள் உடைக்க எழுதினார்கள். இவர்கள் கட்ட எழுதினார்கள். 'பந்தம்' என்றாலே கட்டு என்றுதானே பொருள்.

அப்போலினேரின் நீரூற்று, போனவர்களைத் தேடுகிறது. பாம்பன் சுவாமிகளின் வேல், இருப்பவர்களைக் காக்கும் என்று நம்பிப் பாராயணம் செய்யப்படுகிறது. பாம்பன் சுவாமிகள் 1929 வரை வாழ்ந்தவர். அதாவது இந்த இருவரும் ஒரே காலத்தவர்கள்! ஒருவரைப் பற்றி ஒருவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் இருவருக்குமே வடிவம் அலங்காரம் இல்லை, அது ஒரு காரியம் செய்ய வேண்டும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஓலைச்சுவடியில் பாட்டை அடி அடியாக மடக்கி எழுதும் வழக்கம் கிடையாது. ஓலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடிக்கொண்டே இருக்கும். அடி எங்கே முடிகிறது என்று காதுதான் சொல்ல வேண்டும். காதுக்கென்றே இருந்த அப்படி ஒரு கவிதை உலகத்தில், கண்ணுக்கென்று ஒரு தனி இடம் ஒதுக்கியது சித்திரகவி மட்டும்தான். இன்று புத்தகத்தில் நாம் பார்க்கும் வரி வரியான கவிதை, அச்சு நமக்குக் கொடுத்தது.

விளாச்சேரிக்காரர்
-----------------

பழையதும் புதியதும் ஒரே ஆளுக்குள் சந்தித்தால் எப்படி இருக்கும்? அப்படி ஒருவர் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பிறந்திருக்கிறார் என்பது தெரிந்தபோது நிஜமாகவே ஆச்சரியப்பட்டேன்.

திருப்பரங்குன்றத்துக்கும் திருநகருக்கும் பக்கத்தில் விளாச்சேரி. நவராத்திரி வந்தால் கொலு பொம்மைக்கு எல்லோரும் தேடிப் போகும் ஊர். அங்கே 1870இல் பிறந்தவர் வி.கோ. சூரியநாராயண சாஸ்திரி. பெயரைத் தமிழாக்கி சூரியன் 'பரிதி', நாராயணன் 'மால்', சாஸ்திரி 'கலைஞர்' என்று பரிதிமாற் கலைஞர் ஆனவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று அந்தக் காலத்திலேயே வாதாடியவர் என்பதால் பாடப்புத்தகத்தில் இடம் பிடித்துவிட்டார். மத்திய அரசு தமிழைச் செம்மொழி என்று அறிவித்தது 2004இல். அவர் இறந்து 101 ஆண்டுகள் கழித்து.

பாடப்புத்தகம் அதிகம் பேசாத பகுதி வேறு. ஆங்கில சானெட் வடிவத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்து தனிப்பாசுரங்கள் எழுதினார். மேல்நாட்டு நாடக முறையைப் படித்து 'ரூபாவதி', 'கலாவதி' நாடகங்கள் எழுதி, 'நாடகவியல்' என்று இலக்கணமும் செய்தார். 'மதிவாணன்' என்று நாவல் எழுதினார். இத்தனை புதுமைக்கு நடுவில், அதே கையால் 'சித்திரகவி விளக்கம்' என்றும் ஒரு நூல் எழுதினார்!

இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெளியிலிருந்து புது வடிவம் கொண்டுவருவதும், உள்ளே மறந்து கிடக்கும் வடிவத்தைத் துலக்கிக் காட்டுவதும் அவருக்கு எதிரெதிர் வேலைகளாகத் தெரியவில்லை. மல்லார்மே பகடைக் கவிதையை வெளியிட்ட 1897இல் இவருக்கு வயது 27 கூட முடியவில்லை. இன்னும் முப்பது வருடம் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ தெரியாது. 1903 நவம்பரில், 33 வயதில் காசநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

விட்டுப்போன இழை
----------------

அதற்குப் பிறகு தமிழ்க் கவிதையில் பெரிய கலகம் வந்தது 1959 ஜனவரியில். 'வாடிவாசல்' எழுதிய சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். யாப்பை விட்டு வெளியே வந்த கவிதைகளுக்கு அது வீடாக இருந்தது. 1962இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பு வந்தது. 1970இல் ஞானக்கூத்தன் முதலானவர்கள் சேர்ந்து 'கசடதபற' நடத்தினார்கள். ஆறு வல்லின எழுத்துகளே பத்திரிகையின் பெயர்! தமிழில் கான்கிரீட் கவிதை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் அந்த அட்டையைத்தான் காட்டுவேன்.

ஓவியர்களும் சும்மா இல்லை. கே.சி.எஸ். பணிக்கர் 1960களில் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையில், படிக்க முடியாத எழுத்துகளால் ஓவியத்தை நிரப்பினார். சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966இல் உருவானதும் அவர் முயற்சியில்தான். ஓவியர் ஆதிமூலம் பத்திரிகைத் தலைப்புகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் எழுதிக் கொடுத்த கோணல்மாணலான தமிழ் எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். எழுத்து என்பது ஒரு உருவம் என்று நமக்குக் காட்டியவர் அவர். எங்கள் மதுரையில் பிறந்த அப்துல் ரகுமான் 1974இல் 'பால்வீதி' தொகுப்பில் மீயதார்த்தப் படிமங்களை முயன்றார்.

ஆனால் கவனியுங்கள். கவிஞர்கள் சித்திரகவி பக்கம் அநேகமாகத் திரும்பவே இல்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். யாப்பிலிருந்து தப்பித்து ஓடுகிறவன், யாப்புக்குள் யாப்பாக இருக்கும் நாகபந்தத்தில் போய் ஏன் மாட்டிக்கொள்வான்? பண்டிதர்களின் வித்தை என்ற முத்திரை வேறு அதன் மேல் குத்தியிருந்தது.

வணிகவியல் மாணவனாக எனக்கு இன்னொரு காரணமும் தோன்றுகிறது. செலவு! ஈய எழுத்து கோத்து அச்சடித்த காலத்தில் படம் போட வேண்டுமென்றால் தனியாக பிளாக் செய்ய வேண்டும். அதற்குத் தனிக் காசு. கைக்காசு போட்டு நடத்திய சிற்றிதழ்களுக்கு அது கட்டுப்படியாகுமா? நான் பார்த்த பழம்பாடல் பதிப்புகள் சிலவற்றில்கூட, 'இது ரதபந்தம்' என்று குறிப்பு மட்டும் இருக்கிறது, தேரைக் காணோம். படத்தை எடுத்துவிட்டுச் சித்திரகவியை அச்சடிப்பது, மெட்டை எடுத்துவிட்டுச் சினிமாப் பாட்டைப் படிப்பது மாதிரி. அப்படிப் படித்துவிட்டு "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் எப்படி?

இதில் வேடிக்கை என்னவென்றால், புதுக்கவிதை வந்தபோது அதை எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வி: "வசனத்தை உடைத்து உடைத்துப் போட்டால் கவிதையாகிவிடுமா?" சித்திரகவியைப் பார்த்துக் கேட்கும் அதே கேள்வி! வரியை எங்கே உடைப்பது என்பதைக் காதை விடக் கண் அதிகம் தீர்மானிக்கிற கவிதை அது. சொந்தக்காரர்கள் என்று தெரியாமலே இருவரும் ஒரே திட்டை வாங்கியிருக்கிறார்கள்.

ஆக, வீட்டு வேலும் பிரெஞ்சு மழையும் ஒன்றா என்ற கேள்விக்கு என் பதில்: ஒன்றில்லை. "நம்மிடம் அன்றே இருந்தது" என்று மார்தட்டுவதால் சித்திரகவிக்கு ஒரு லாபமும் கிடையாது. அது பூஜை அலமாரியிலும் பரீட்சை வினாத்தாளிலும் பத்திரமாக இருக்கும், அவ்வளவுதான். உலிப்போக்காரர்கள் பழைய விதிகளைத் தூசு தட்டி எடுத்துத் தங்கள் காலத்துத் துக்கத்தைச் சொல்லப் பயன்படுத்தினார்கள். பரிதிமாற் கலைஞரிடம் இரண்டு கதவும் திறந்திருந்தன. அவருக்குப் பிறகு ஒரு கதவு வழியாகப் பண்டிதர்களும் இன்னொரு கதவு வழியாகப் புதுக்கவிஞர்களும் வெளியேறி, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள். ஈயக் காலத்துச் செலவும் இப்போது இல்லை. கணினியில் கட்டம் போட ஐந்து நிமிடம் போதும். வேலுக்குப் பதிலாக வேறு என்ன வரையலாம் என்று யாராவது யோசிக்க வேண்டும்.

நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். 'லை' இல்லாத ஒரு கோமூத்திரி இன்னும் வரவில்லை. உங்களில் யாருக்காவது வந்தால் கட்டாயம் எனக்கு அனுப்புங்கள். மாட்டுக்கும் சேர்த்து நன்றி சொல்வேன்!